குழலில் சிக்கிய குண்டை வாயு கொடுத்து வெளியேற்றுவது

கேள்வி இதுதான்: 50 காலிபர் கேப் துப்பாக்கி, அதாவது வாய்வழியாகக் கெட்டித்து, கேப் என்ற சிறு வெடித்தொப்பியால் பற்றவைப்பது. வெடிமருந்து போட மறந்து, துணி சுற்றிய ஈயக் குண்டை அடிவரை இறக்கியாயிற்று. குண்டு பிடுங்கும் திருகைப் போட்டு இழுத்தால், அது ஈயத்தைச் சுரண்டிக்கொண்டு வெறுமனே வந்துவிட்டது. சிஓ2 டிஸ்சார்ஜர் (குப்பியிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வாயுவால் குண்டைத் தள்ளும் கைக்கருவி) வாங்கினால் வேலை நடக்குமா, பட்டறையில் இருக்கிற கம்ப்ரசரே போதாதா?

டிஸ்சார்ஜரால் நடக்கும். கம்ப்ரசரால் பெரும்பாலும் நடக்காது. ஆனால் டிஸ்சார்ஜர் வாங்கியவர்களிலும் பலர் "என்னிடம் வேலை செய்யவில்லை" என்று சொல்வார்கள். வாயுவுக்குப் பலம் போதாமல் அப்படி ஆவது அபூர்வம். வாயு குண்டுக்குப் பின்னால் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்த வாயு வேறு வழியாகக் கசிந்துவிட்டது, இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் கருவியைப் பற்றிப் பேசுவதைவிட வழியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. டிஸ்சார்ஜரில் போடும் 12 கிராம் குப்பியில் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. திரவம் மிச்சம் இருக்கும்வரை குப்பியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான்: 20 டிகிரி செல்சியஸில் சுமார் 57 பார் (ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ), 0 டிகிரியில் சுமார் 35 பார். 50 காலிபர் குழலின் உள்விட்டம் 12.7 மி.மீ., குறுக்குப் பரப்பு 1.27 சதுர செ.மீ. ஆக 20 டிகிரியில் குண்டின் முதுகில் 74 கிலோ பாரம் விழுகிறது. குளிரில் அதே குப்பி 45 கிலோவுக்கு இறங்கிவிடும். குளிர் நாளில் குப்பியைச் சட்டைப் பையில் வைத்திருந்து போட்டால் நன்றாக வேலை செய்வதன் காரணம் இதுதான். கம்ப்ரசரின் 8 பார் அதே குண்டுக்குக் கொடுப்பது 10 கிலோ. குண்டை உள்ளே இறக்கும்போது கம்பியில் நீங்கள் கையால் கொடுத்ததே பெரும்பாலும் அதைவிட அதிகமாக இருந்திருக்கும். குழல் சிறுத்தால் பரப்பும் சிறுக்கும்: 32 காலிபர் குழலில் முழுக் குப்பி அழுத்தமும் 30 கிலோதான் தரும். அணில் வேட்டைக்கான சின்னக் குழல்களில் வாயு திணறுவதும், 58 காலிபரில் குண்டு சட்டென்று துள்ளி வெளியே விழுவதும் இதனால்தான்.

குப்பியைத் திறப்பதற்கு முன் குண்டு எங்கே நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கம்பியை வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கமாக அதே கோட்டை வாயோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். கம்பியின் முனை குழல் அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு குண்டு அளவு, அதாவது 12, 13 மி.மீ., குறைவாக நின்றால் அடியில் வெறும் குண்டு மட்டும் இருக்கிறது. 70 கிரெயின் கருமருந்து (4.5 கிராம்) இந்தக் குழலில் சுமார் 35 மி.மீ. உயரம் நிற்கும், ஆக மொத்தம் 48 மி.மீ. அளவு குறைந்தால் மருந்தும் குண்டும் இரண்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் பொருந்தாத கணக்கு வந்தால் குண்டு நடுவழியில் நிற்கிறது, அல்லது இரண்டு குண்டு இறங்கியிருக்கிறது. காலிக் குழலின் கோட்டையும் வழக்கமாகக் கெட்டிக்கும் அளவின் கோட்டையும் கம்பியில் நிரந்தரமாகக் கீறி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. மருந்தறை குழலைவிடச் சிறுத்திருக்கும் அமைப்புகளில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

"மருந்து போடவில்லை என்று எனக்கு நிச்சயம்" என்பதைக் கம்பி உறுதி செய்யாதவரை நம்பாதீர்கள். விசையை இழுத்து வெடிக்காமல் போன துப்பாக்கி என்றால், வாயைப் பத்திரமான திசையில் வைத்து குறைந்தது 2 நிமிடம் அப்படியே காத்திருங்கள். கார்பன் டை ஆக்சைடு தீயை அணைக்கும், அதனால் உள்ளே கனல் இருந்தாலும் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கருமருந்தில் அந்த வாதம் எடுபடாது. எரிவதற்கான ஆக்சிஜன் அதிலுள்ள வெடியுப்பிலேயே இருக்கிறது. சுற்றிலும் என்ன வாயு இருந்தாலும் அது எரியும்.

பிறகு பற்றவைக்கும் எல்லாவற்றையும் நீக்குங்கள். கேப் துப்பாக்கியில் நிப்பிள் (கேப்பை மாட்டும் துளையுள்ள முனை) மேலிருக்கும் கேப்பை எடுத்துவிடுங்கள், வெடித்துத் தீர்ந்த கேப்பாக இருந்தாலும் சரி. சக்கிமுக்கித் துப்பாக்கியில் (கல் உரசிய பொறியால் பற்றவைப்பது) கல்லைக் கழற்றி, மருந்துக் கிண்ணத்தைத் துடையுங்கள். இதற்கு மேல் ஒரு படி போய் லாக்கையே, அதாவது அடிக்கும் குதிரை உள்ள பொறித் தொகுதியையே, கழற்றிவிடுவது என் பரிந்துரை. பெரும்பாலான பக்கலாக்குத் துப்பாக்கிகளில் ஒன்றோ இரண்டோ திருகாணிதான். குதிரையை அரை நிலையில் நிறுத்தினால் டிஸ்சார்ஜரின் மூக்கு நுழைய இடம் போதாது. முழுவதும் இழுத்து வைத்தால் அது விழுந்து விரலை நசுக்கும். சக்கிமுக்கியில் கிண்ணமும் குறுக்கே நின்று, ரப்பர் மூக்கைப் பற்றுவாயின் (தீ குழலுக்குள் போகும் துளையின்) மீது சமமாக உட்கார விடாது. லாக் போய்விட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

குண்டு வெளியேறும் பக்கத்தைச் சுட்டால் எப்படி ஏற்பாடு செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள். 57 பார் அழுத்தம் என்பது காற்றுத் துப்பாக்கி வகை அழுத்தம்தான். துப்பாக்கியைத் தாங்கியில் கட்டி, வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி மணல் மூட்டையோ பழந்துணி அடைத்த பெரிய அட்டைப்பெட்டியோ வையுங்கள். சுவரும் மரப்பலகையும் வேண்டாம். மெதுவாக வரும் ஈயக் குண்டு பலகையில் பட்டுத் திரும்பி வரும். துணியைக் குழல் வாய்க்குள் திணித்துக் குண்டைப் பிடிக்கலாம் என்ற யோசனை இன்னும் மோசம், அது குழலை அடைப்பதற்குச் சமம். கண்ணாடியும் காதடைப்பும் அவசியம். குண்டு வெளியேறும் நொடியில் வரும் சத்தம் எதிர்பார்ப்பதைவிடப் பெரிது. கம்பி குழலுக்குள் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இப்போது வாயு. கேப் துப்பாக்கிக்கு, டிஸ்சார்ஜரின் கிண்ண வடிவ ரப்பர் முனையை நிப்பிளின் மேல் நேராக வைத்து அழுத்துங்கள். குப்பியின் கழுத்து மேல்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். கழுத்து கீழே இருந்தால் வாயுவுக்குப் பதில் திரவம் பாய்ந்து, வழியிலேயே பனித்தூளாக உறைந்து, துளையை அடைத்துவிடும். ரப்பரும் விறைத்துப்போய்ப் பொருந்தாமல் நிற்கும். நெம்பைச் சட்டென்று தட்டிவிட்டு எடுக்காமல், 2, 3 நொடி அழுத்திப் பிடியுங்கள். நிப்பிள் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, பொதுவாக 0.7, 0.8 மி.மீ.; அதன் வழியே வாயு சேர்ந்து அழுத்தம் ஏற நேரம் வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது நொடியில் "டப்" என்று குண்டு போய்விடும். சக்கிமுக்கியில் கூம்பு முனையைப் பற்றுவாயில் வைத்து அதே போல. பின்பக்கம் திறக்கும் நேர்ப்பற்று துப்பாக்கி (கேப் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் வகை) என்றால் டிஸ்சார்ஜரே தேவைப்படாது: கேப்பை எடுத்து, மருந்து இருந்தால் தண்ணீர் விட்டு நனைத்து, அடிமூடியைக் கழற்றி, பின்னாலிருந்து கம்பியால் குண்டை வாய்ப்பக்கம் தள்ளிவிடலாம். அடிமூடி கரியேறி இறுகியிருந்தால் மட்டும் அதற்கான அடாப்டரோடு வாயு.

இனி, "வேலை செய்யவில்லை" என்பவர்களுக்கு. வாயு விடும்போது எங்கே சத்தம் வருகிறது என்று கேளுங்கள்.

ரப்பரைச் சுற்றி "உஸ்" என்று வந்து, அந்த இடம் வெள்ளையாகப் பனி பூத்தால் கசிவு அங்கேதான். முனை சாய்ந்திருக்கிறது, அல்லது நிப்பிளின் விளிம்பு கேப் அடிபட்டு மழுங்கியிருக்கிறது. இதற்கு நல்ல தீர்வு நிப்பிளைக் கழற்றிவிட்டு, அதன் மரையிலேயே திருகும் அடாப்டர். மரை அளவு பார்த்து வாங்க வேண்டும்: பல அமெரிக்கத் துப்பாக்கிகளில் கால் அங்குல 28 மரை (கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை), ஸ்பெயின் தயாரிப்புகள் பலவற்றில் 6 மி.மீ. 1 மி.மீ. இடைவெளி, இத்தாலிய நகல்கள் பலவற்றில் 6 மி.மீ. 0.75 இடைவெளி. தவறானதை வலுக்கட்டாயமாகத் திருகினால் குண்டுப் பிரச்சினையோடு மரைப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். நிப்பிளின் இறுக்கமான துளை போய்விடுவதால் வாயு வரத்தும் பல மடங்கு கூடும்.

சத்தமே இல்லாமல் வாயு உள்ளே போகாமல் நின்றால் வழி அடைப்பு. இதுதான் மிகச் சாதாரணமாக நடப்பது. எண்ணெயோ தண்ணீரோ பட்ட மருந்து களியாகி, நிப்பிளுக்குக் கீழே வளைந்து போகும் குறுகிய வழியில் கெட்டித்துப் போயிருக்கும். மெல்லிய கம்பி ஊசியால் குத்திக் கிளறுங்கள். பக்கவாட்டில் உருளை வைத்து அதில் நிப்பிள் பொருத்திய அமைப்பாக இருந்தால் உருளையின் முனையிலுள்ள சுத்தம் செய்யும் திருகாணியைக் கழற்றினால் வழி நேராகத் தெரியும். மருந்தறை குழலைவிடச் சிறுத்த அமைப்பில் களி அங்கே நெருக்கிக்கொண்டிருக்கும். பொறுமையாகக் கிளற வேண்டும். மருந்து இருக்கும் துப்பாக்கியை வாயுவால் காலி செய்யப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டித் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று நான் சொல்வது இதனால். காய்ந்த மருந்து குண்டோடு சேர்ந்து புழுதியாகப் பறந்து வெளியே போய்விடும். நனைந்தது சேறாகி அடைக்கும். வாயுவில் தீப்பொறி கிடையாது. சுற்றிலும் யாரும் புகைக்காமல், நெருப்பு ஏதும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். திருகு போட்டு இழுக்கப் போகிறீர்கள் என்றால் இதற்கு நேரெதிர்: மருந்தை முதலில் நன்றாக நனைத்துத்தான் ஆக வேண்டும்.

மருந்தில்லாத குண்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குண்டு அடியைத் தொட்டுக்கொண்டு உட்காரும்போது, சுற்றுத்துணியின் மடிப்பு பற்றுவாயின் உள்வாயை மூடிக்கொள்ளும். ஊசியை விட்டால் மெத்தென்று ஏதோ தடுக்கும். அதே ஊசியால் துணியைக் குழலின் முன்பக்கமாகத் தள்ளி ஒதுக்கிவிட்டு வாயு கொடுங்கள்.

குழல் வாயிலிருந்து காற்று வருகிறது, குண்டு மட்டும் வரவில்லை என்றால் வாயு குண்டைத் தாண்டிப் போகிறது. துணி கிழிந்திருக்கலாம். அல்லது, உங்கள் விஷயத்தில் சந்தேகப்பட வேண்டியது, திருகு போட்ட துளை குண்டை ஊடுருவிவிட்டிருக்கலாம். 0.75 மி.மீ. துளை வழியே வரும் வாயு 3 மி.மீ. துளை வழியே வெளியேறினால் பின்னால் அழுத்தமே சேராது. பரப்பில் 16 மடங்கு வித்தியாசம். திருகின் நுனியிலிருந்து எவ்வளவு நீளத்துக்கு ஈயம் ஒட்டியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 6, 7 மி.மீ. என்றால் குண்டின் பாதிதான் துளைந்திருக்கிறது, பிரச்சினை இல்லை. 12 மி.மீ. கிட்ட வந்தால் வாயுவை நம்ப வேண்டாம். இன்னொன்று: திருகு ஈயத்துக்குள் இறங்கும்போது குண்டைப் பக்கவாட்டில் விரித்துக் குழலோடு இறுக்கிவிடும். அப்படி விரிந்த குண்டுக்கு, மருந்து இல்லாத பட்சத்தில், வாய்வழியாக ஊடுருவும் எண்ணெய் கொஞ்சம் விட்டு கால் மணி நேரம் ஊறவிடுங்கள். துணி வழுக்க ஆரம்பித்தால் 74 கிலோ தாராளம். இனிமேல் திருகு பயன்படுத்தினால், குழலின் நடுவிலேயே இறங்கும்படி பித்தளை வளையம் போட்ட திருகாகப் பாருங்கள்; ஓரத்தில் இறங்கிய திருகு வரிப்பள்ளத்தை (குண்டைச் சுழல வைக்கும் குழலின் உள்வரிகளை) கீறும். மரக்கம்பியின் முனையைப் பசையால் மட்டும் ஒட்டியிருந்தால் இழுக்கிற இழுப்பில் முனை குண்டோடு உள்ளேயே தங்கிவிடும். குறுக்கு ஆணி அடித்த முனை வேண்டும்.

நடுக்குழலில் நிற்கும் குண்டு வேறு கதை. வழக்கமாகக் கரி ஏறிய குழலில் துடைக்காமல் அடுத்தடுத்துக் கெட்டிக்கும்போது இது நடக்கும். முடிந்தால் முதலில் அதைக் கம்பியால் அடிவரை இறக்கிவிடுங்கள். பின்னால் வெற்றிடம் பெரிதாக இருந்தால் அதில் நிறைய வாயு சேர்ந்து, குண்டு விடுபடும் கணத்தில் மொத்தமும் ஒரேயடியாகத் தள்ளும். வேகம் எதிர்பாராத அளவுக்குப் போகும். இறக்கவே முடியவில்லை என்றால் தடுப்பை இன்னும் தடிமனாக வைத்து, சிறுசிறு அழுத்தமாகக் கொடுங்கள். துடைக்கும் கம்பி தடித்த துணியோடு சிக்கிக்கொண்ட நிலையிலும் பலர் டிஸ்சார்ஜரை எடுக்கிறார்கள். அங்கே பறந்து வருவது குண்டல்ல, ஒரு மீட்டர் நீளக் கம்பி. கம்பியின் வெளிமுனை மணல் மூட்டையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் சில சென்டிமீட்டர் நகர்ந்ததும் நிறுத்தி, மூட்டையைத் தள்ளி வையுங்கள்.

வாயு கைவிட்டால் அடுத்தது இரண்டு வழி. ஒன்று மருந்து. நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மிகப் பொடியான கருமருந்து 3 முதல் 5 கிரெயின், அதாவது 0.2, 0.3 கிராம், ஊசியால் தட்டித் தட்டி உள்ளே இறக்குங்கள். நிப்பிளைத் திரும்பப் போட்டு, கம்பியால் குண்டை மருந்தோடு ஒட்டும்படி அழுத்தி உட்கார வையுங்கள். இந்தப் படியை விடவே கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், வெடிக்கும்போது குண்டு குழலை அடைக்கும் தடையாக மாறி, அந்த இடத்தில் குழல் உப்பும் அல்லது பிளக்கும். கம்பியை வெளியே எடுத்து, கேப் வைத்து, பாதுகாப்பான தடுப்பை நோக்கிச் சுடுங்கள். சில சமயம் குண்டு ஒரு முழம் நகர்ந்து நின்றுவிடும். மறுபடியும் அடிவரை இறக்கிய பிறகே அடுத்த மருந்து. கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகள் இந்தச் சிறு அளவில் சரியாகப் பற்றாது. புகையில்லா மருந்தை இந்தத் துப்பாக்கிக்குள் எந்த அளவிலும் விடக் கூடாது. உள்ளே எண்ணெய் விட்டிருந்தால் இந்த வழி பலிக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மற்றது கிரீஸ் கன். நிப்பிள் மரையில் திருகும் கிரீஸ் நிப்பிளைப் பொருத்தி, வாகனங்களுக்குக் கிரீஸ் அடிக்கும் அதே கருவியால் அடியுங்கள். கால் அங்குல 28 மரையிலும் 6 மி.மீ. 1 மி.மீ. மரையிலும் அவை எளிதில் கிடைக்கும். கிரீஸ் அமுங்காது என்பதால் குண்டு பாயாமல் அங்குலம் அங்குலமாக வாய்வரை ஊர்ந்து வந்து பொத்தென்று விழும்; அழுத்தமும் வாயுவைவிடப் பல மடங்கு. துளை விழுந்த குண்டையும் இது பெரும்பாலும் தள்ளிவிடும். 80 செ.மீ. குழலுக்கு 100 மி.லி. கிரீஸ் வேண்டும், அதை முழுக்கச் சுரண்டிக் கழுவி எடுக்க அரை நாள் ஆகும். அசிங்கமான வேலை. ஆனால் எனக்கு மிகவும் நம்பிக்கையான வழி அதுதான்.

சிஓ2-க்குப் பதிலாக வேறு வாயு? ரெகுலேட்டரோடு கூடிய நைட்ரஜன் சரி. 200 பார் டைவிங் சிலிண்டரை ரெகுலேட்டர் இல்லாமல் இணைப்பது கூடாது. ரப்பர் மூக்கும் குழாயும் அதற்கு ஆகாது. வெல்டிங் ஆக்சிஜனை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்: அழுத்தமேறிய ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் தானே பற்றும், பின்னால் மருந்தும் இருந்தால் சொல்லவே வேண்டாம். கேப்பால் வெடிக்கும் ரிவால்வரில் குழலுக்குள் குண்டு நின்றால் வாயு பயன்படாது. உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலேயே எல்லாம் போய்விடும். உருளையைக் கழற்றி, பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டியதுதான். பரம்பரையாகச் சுவரில் தொங்கிய பழைய துப்பாக்கியில் குண்டு இருப்பது தெரிந்தால் டிஸ்சார்ஜரைத் தொடாதீர்கள். துருவும் ஈயமும் சேர்ந்து பற்றியிருக்கும், குழலின் பலமும் தெரியாது. காய்ந்த கருமருந்து வயதானதால் சாவதில்லை. 2013-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுத்தம் செய்த 18-ஆம் நூற்றாண்டுப் பீரங்கிக்குள் மருந்தும் குண்டும் இன்னும் இருந்தன. அத்தகைய துப்பாக்கி அதைத் தெரிந்த தொழிலாளியிடம் போகட்டும்.

குண்டு வெளியே விழுந்ததும் தரையில் சுற்றுத்துணியைத் தேடுங்கள். குண்டு போய்த் துணி மட்டும் உள்ளே தங்குவது உண்டு. கம்பியை விட்டுக் காலிக் குழலின் கோட்டோடு ஒப்பிடுங்கள். விரிந்த வாயு குழலை நன்றாகக் குளிர வைத்திருக்கும், அதனால் உள்ளே ஈரம் படியும். காய்ந்த துணி இரண்டு விட்டு, பிறகு ஆல்கஹால் தொட்ட துணி ஒன்று விட்டு உலர்த்துங்கள். பாதி தீர்ந்த குப்பியை டிஸ்சார்ஜரிலேயே விட்டு வைத்தால் மறுநாள் காலியாகியிருக்கும். வளைய ரப்பரும் வாயுவை உறிஞ்சி உப்பிக் கெடும். மிச்ச வாயுவை வெளியே விட்டுவிட்டு, ரப்பரில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் தடவி வையுங்கள். புதுக் குப்பிகளை வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைக்காதீர்கள். கடைசியாக, மறுபடி கெட்டிப்பதற்கு முன் காலித் துப்பாக்கியின் வாயைப் புல் ஒன்றின் அருகே தாழ்த்தி ஒரு கேப்பை மட்டும் வெடியுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் மருந்தை எடுக்காதீர்கள், ஊசியை எடுங்கள்.